பள்ளியில் தடயவியல்: செய்து பார்த்துக் கற்பிக்க ஒரு வழிகாட்டி

தடயவியல் வகுப்புக்கு மாணவர்களை இழுத்து வர வேண்டிய வேலையே இல்லை. பெயரைக் கேட்டதும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். பொடி தூவினால் ரேகை தெரிகிறது, திரவம் பட்டால் நிறம் மாறுகிறது என்று வாரம் ஒரு வித்தை காட்டிக்கொண்டே போனால், பருவம் முடியும்போது அவர்கள் கையில் மிஞ்சுவது சில புகைப்படங்கள்தான். இந்தப் பாடத்தின் உயிர்நாடி வேறு. ஒரு தடயம் எவ்வளவு தூரம் பேசும், எந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்ளும் என்று மாணவர் தாமே அளந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

எனவே ஒவ்வொரு செய்முறையை அமைக்கும்போதும் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். சரியான விடை ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். மாணவர் தவறாகச் சொல்வதற்கு இடம் இருக்க வேண்டும். தடயம் போதாதபோது ‘முடிவுக்கு வர இயலவில்லை’ என்று எழுதுபவருக்கு முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும்.

இங்கே சொல்வது ஏறக்குறைய 15 வாரங்களுக்கான திட்டம். வாரத்துக்கு ஒரு முறை 80 முதல் 90 நிமிடம் தொடர்ச்சியாகக் கேட்டு வாங்குங்கள். 40 நிமிட வகுப்பில் பிளாஸ்டர் இறுகாது, மை ஏறி முடியாது, எல்லாவற்றையும் பாதியில் கழுவி வைக்க வேண்டிவரும். குழுவுக்கு நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார்.

தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

மனித ரத்தம், எச்சில் எதையும் வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். தொற்று அபாயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை: மாணவர்களின் சொந்த ரத்த வகையையோ டி.என்.ஏ.வையோ சோதித்தால், பெற்றோர் பற்றிய ஒரு குடும்ப ரகசியம் வகுப்பறையில் வெளிப்பட்டுவிடலாம். அதைத் திரும்பப் பெற முடியாது.

கைரேகை எடுக்கப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். அட்டையில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். பருவம் முடிந்ததும் அட்டைகளை உரியவர்களிடமே கொடுத்துக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். செல்போனில் எடுத்த ரேகைப் படங்களையும் அன்றே அழிக்க வேண்டும்.

கதைக்களமாகத் திருட்டு, போலிக் கையெழுத்து, சொத்துச் சேதம் போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கொலை இல்லாமல் சுவாரசியம் இருக்காது என்பது தவறான நினைப்பு. வகுப்பில் யார் வீட்டில் என்ன இழப்பு நேர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தற்கொலை, பாலியல் வன்முறை இரண்டும் கூடவே கூடாது. சந்தேக நபர்கள் கற்பனைப் பெயர்களாக இருக்கட்டும். விளையாட்டாகக்கூட ஒரு மாணவரைக் ‘குற்றவாளி’ ஆக்கினால் அந்தப் பெயர் பள்ளி முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

முதல் இரண்டு வாரம்: சம்பவ இடம்

2 மீட்டருக்கு 3 மீட்டர் இடத்தை டேப் கட்டிப் பிரியுங்கள். அதற்குள் எட்டுப் பொருள்களை வையுங்கள். அவற்றில் மூன்று கதைக்குத் தொடர்பே இல்லாதவையாக இருக்கட்டும். எதைப் பார்த்தாலும் தடயம் என்று அள்ளும் பழக்கத்தை அந்த மூன்றும் உடைக்கும். ஒவ்வொரு பொருளின் இடத்தையும் நீங்கள் முதலில் அளந்து, படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த குழுவுக்காக இடத்தை மறுபடி அமைக்க அது இல்லாமல் முடியாது.

நால்வரில் ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் வரைவார், ஒருவர் சேகரிப்பார், ஒருவர் பதிவேடு எழுதுவார். வாரந்தோறும் பொறுப்பு மாற வேண்டும். படம் எடுப்பதில் வரிசை முக்கியம்: முழு இடம் தெரியும் படம், பொருளையும் அதன் அக்கம்பக்கத்தையும் காட்டும் படம், பிறகு அண்மைப் படம். அண்மைப் படத்தை அளவுகோல் இல்லாமல் ஒன்றும் அளவுகோலோடு ஒன்றுமாக எடுக்க வேண்டும். கேமரா மேற்பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் காலணித் தடத்தின் நீளம் குறுகித் தெரியும், பின்னால் அளக்கும்போது எல்லாம் தப்பாகும்.

வரைபடத்துக்கு அசையாத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அறையின் மூலை, கதவு நிலை போன்றவை சரி. நாற்காலியின் கால் கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் அந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் தூரம் அளக்க வேண்டும். இந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் போடச் சிறந்த வழி ஒன்று உண்டு. இடத்தைக் கலைத்துவிட்டு, ஒரு குழுவின் வரைபடத்தை மட்டும் வைத்து இன்னொரு குழுவை மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மூல அளவிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் விலகிய ஒவ்வொரு பொருளும் பிழை. ‘ஜன்னல் பக்கம்’ என்று எழுதியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சேகரிக்கும்போது ஈரமான பொருள் காகித உறையில் போக வேண்டும், பிளாஸ்டிக்கில் அல்ல. பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைப்பதால் பூஞ்சை பிடித்துத் தடயம் அழிந்துபோகும். ஒட்டிய டேப்பின் மேல் பாதியும் உறையின் மேல் பாதியுமாக விழும்படி கையெழுத்திட்டு, தேதியும் நேரமும் எழுத வேண்டும். உறை கைமாறும் ஒவ்வொரு முறையும் கொடுத்தவர், பெற்றவர், நேரம், காரணம் என்று கைமாற்றப் பதிவில் ஒரு வரி சேர வேண்டும். ஏதாவது ஒரு வாரம், சொல்லாமல் கொள்ளாமல், ஓர் உறையின் பதிவில் 20 நிமிட இடைவெளி விழும்படி செய்துவையுங்கள். அதை இறுதி விசாரணையில் யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கலாம்.

பிரெஞ்சுத் தடயவியலாளர் எட்மண்ட் லோகார்ட் 1910இல் லியோனில் தன் ஆய்வகத்தைத் தொடங்கினார். இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏதோ ஒன்று கடக்கும் என்ற கருத்து அவர் பெயரோடுதான் பேசப்படுகிறது. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்வதைவிட, ஓர் உரோமத் துணியை நாற்காலியில் போட்டு, ஐந்து பேரை மாறி மாறி உட்காரவைத்து, யார் உடையில் எத்தனை இழை ஒட்டியிருக்கிறது என்று டேப்பில் எடுத்து எண்ணுவது நல்லது. நாற்காலியில் உட்காராத ஆறாவது ஆளின் உடையிலும் சில இழை இருக்கும். அது எப்படி வந்தது என்ற விவாதத்தை அவசரப்பட்டு முடிக்காதீர்கள்.

கைரேகை: குறைந்தது மூன்று வாரம்

முதலில் மாதிரி ரேகை. வெள்ளைத் தாளில் 3 செ.மீ. சதுரத்துக்கு 2பி பென்சிலால் அழுத்தித் தேய்த்து, விரலை அதில் உருட்டி, ஒளிபுகும் டேப்பை விரல் மேல் ஒட்டி எடுப்பது எல்லோரும் செய்வது. மையும் தேவையில்லை, கையும் சீக்கிரம் சுத்தமாகும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. இப்படி எடுத்த டேப்பை வெள்ளைத் தாளில் ஒட்டினால், மையில் பதித்த ரேகையோடு ஒப்பிடும்போது இடவலம் மாறித் தெரியும். கண்ணாடியில் விழுந்த ரேகையைப் பொடி போட்டு எடுத்தால் அது மை ரேகையின் திசையிலேயே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவர், பொருந்த வேண்டிய ரேகையைப் பொருந்தவில்லை என்று எழுதுவார். தீர்வு எளிது: பென்சில் டேப்பை ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, தாளைத் திருப்பி மறுபுறமாகப் பாருங்கள்.

அமைப்புகள் மூன்று: வளையம், சுழல், வில். மக்கள்தொகையில் வளையம் ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதம், சுழல் 30 முதல் 35, வில் 5 சதவீதம் அளவில் காணப்படும். வகுப்பின் அத்தனை விரல்களையும் எண்ணி இதோடு ஒப்பிடச் சொல்லலாம். ‘இரண்டுமே வளையம், அதனால் ஒரே ஆள்’ என்று சொல்ல முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே புரிந்துவிடும்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத மறைந்த ரேகையைக் கரித்தூள் பொடியால் எடுப்பது. கண்ணாடித் துண்டு, மெருகிட்ட ஓடு, பீங்கான் கோப்பை போன்ற வழவழப்பான, நீர் உறிஞ்சாத பரப்பைத் தேர்ந்தெடுங்கள். விரலை நெற்றியில் தேய்த்து, பரப்பில் ஒரு வினாடி நேராக அழுத்தி, நேராகவே எடுக்க வேண்டும். நெற்றியில் தேய்க்காவிட்டால், சற்று முன் கை கழுவியவர் விரலில் எண்ணெய்ப் பசை இருக்காது, ரேகையும் விழாது.

பிரஷ்ஷைப் பொடி டப்பாவுக்குள் நேராக முக்குவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. ஒரு சிட்டிகைப் பொடியைத் தாளில் கொட்டி, பிரஷ்ஷின் நுனி மட்டும் அதைத் தொட்டு, தட்டி உதிர்த்த பிறகுதான் பரப்புக்குக் கொண்டுபோக வேண்டும். காம்பை விரல்களுக்கு இடையில் உருட்டியபடி, மயிர் நுனி பரப்பில் பட்டும் படாமலும் போக வேண்டும். வரிகள் தெரியத் தொடங்கியதும் அவை ஓடும் திசையிலேயே இரண்டு மூன்று முறை. போதும். இன்னும் கறுப்பாகட்டும் என்று தொடர்ந்தால் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் பொடி நிறைந்து, ரேகை ஒரு கறுப்புத் திட்டாகிவிடும். மெல்லியதாகத் தெரியும் ரேகையே ஒப்பிட நல்லது.

டேப்பை ஒரு ஓரத்தில் ஒட்டி, கட்டைவிரலால் காற்றை வெளியே தள்ளியபடி முன்னேறி, எடுக்கும்போது நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். கரித்தூள் மிக நுண்ணியது, முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். காகிதத்திலும் துணியிலும் இந்தப் பொடி உதவாது. காகிதத்துக்கு நின்ஹைட்ரின் இருக்கிறது. வியர்வையிலுள்ள அமினோ அமிலத்தோடு வினைபுரிந்து ஊதா நிறம் தரும். ஆனால் அது தோலையும் மூச்சையும் எரிச்சலூட்டும், புகைபோக்கிப் பெட்டிக்குள் ஆசிரியர் மட்டும் செய்துகாட்ட வேண்டியது. சூப்பர் குளூவைச் சூடாக்கி ஆவி பிடிப்பதும் அயோடின் ஆவியும் சாதாரண வகுப்பறையில் வேண்டவே வேண்டாம்.

இப்போது ஒப்பீடு. வரி முடியும் இடம், ஒரு வரி இரண்டாகப் பிரியும் இடம், தனித்து நிற்கும் சிறு புள்ளி ஆகிய நுண்கூறுகளைச் சிவப்புப் பேனாவால் எண்ணிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். தெரியாத ரேகையை முதலில் குறித்து முடித்த பிறகே தெரிந்த ரேகையைப் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், தெரிந்ததில் இருப்பதைத் தெரியாததில் ‘கண்டுபிடிக்கும்’ வேலையைக் கண் தானாகவே செய்யத் தொடங்கிவிடும்.

எத்தனை கூறு பொருந்தினால் போதும் என்று கட்டாயம் கேட்பார்கள். உலகமெங்கும் ஒரே எண் கிடையாது. இங்கிலாந்து 16 என்று வைத்திருந்து 2001இல் அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் குறைந்தபட்ச எண் என்று எதுவும் இல்லை. எண்ணிக்கையைவிட ரேகையின் தெளிவும் கூறுகளின் அரிதான தன்மையும் முக்கியம் என்பதே காரணம்.

மூன்றாம் வாரம் குருட்டுத் தேர்வு. இந்தப் பருவத்தில் ஒரே ஒரு செய்முறைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து ஜோடி ரேகைகளைத் தயார் செய்யுங்கள். நான்கு ஜோடி பொருந்துபவை. நான்கு பொருந்தாதவை. இந்த நான்கும் ஒரே அமைப்பைச் சேர்ந்த, பார்த்தவுடன் ஒன்று போலத் தோன்றும் ரேகைகளாக இருக்க வேண்டும், வளையத்தோடு சுழலை ஜோடி சேர்த்தால் தேர்வே இல்லை. மீதி இரண்டு, பாதி அழிந்து எந்த முடிவுக்கும் இடம் தராதவை. இந்த விகிதத்தை மாணவர்களிடம் சொல்லக் கூடாது. ஒவ்வொருவரும் தனியாக ‘பொருந்துகிறது’, ‘பொருந்தவில்லை’, ‘முடிவுக்கு வர இயலவில்லை’ என்று எழுதட்டும். பிறகு வகுப்பு முழுவதற்கும் சேர்த்து, பொருந்தாத ஜோடியைப் பொருந்துகிறது என்று எழுதியவர்கள் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். அதுதான் அந்த வகுப்பின் பிழை விகிதம். பருவம் முழுக்க அது பலகையின் ஓரத்தில் இருக்கட்டும்.

தேர்வோடு இன்னொரு சோதனையையும் இணைக்கலாம். ஓர் இக்கட்டான ஜோடியை எல்லாக் குழுவுக்கும் கொடுங்கள். பாதிக் குழுக்களுக்கு ‘இவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்’ என்ற சீட்டு, மீதிக்கு ‘அன்று இவர் வெளியூரில் இருந்தது உறுதி’ என்ற சீட்டு. விடைகள் எப்படிப் பிரிகின்றன என்று பாருங்கள். வேறுபாடு வராமலும் போகலாம், அப்படியானால் அதையும் அப்படியே பதியுங்கள். இதன் பின்னணியில் ஓர் உண்மை நிகழ்வு உண்டு. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை, அதில் சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்று எஃப்.பி.ஐ. தவறாக அடையாளம் சொன்னது. அடுத்து 2006இல் ஆய்வாளர் இட்டியல் டிரோரின் குழுவினர், அனுபவமிக்க ஐந்து நிபுணர்களுக்கு, அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொல்லியிருந்த ரேகைகளை, ‘இதுதான் அந்தத் தவறான மாட்ரிட் ஜோடி’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஐவரில் நால்வர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள்.

ரத்தக் கறை: திரவமும் கோணமும்

செயற்கை ரத்தத்துக்கு நிறம் மட்டும் போதாது, பாகுத்தன்மையும் பொருந்த வேண்டும். 40 கிராம் கிளிசரின், 60 கிராம் தண்ணீர், சில துளி சிவப்பு உணவுச் சாயம். கிளிசரினை மி.லி. கணக்கில் அளந்தால் ஏறக்குறைய 32 மி.லி. வரும். அறை வெப்பத்தில் இந்தக் கலவையின் பாகுத்தன்மை ரத்தத்துக்கு மிக அருகில் இருக்கும். வெறும் சாயத் தண்ணீர் அதிகமாகத் தெறிக்கும். ஒரு குறை உண்டு: கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கறை சரியாக உலராது. எனவே படத்தை உடனே எடுக்க வேண்டும், தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. துணியில் பட்ட சாயம் போகாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் பயிற்சி உயரம். 25, 50, 100, 150, 200 செ.மீ. உயரங்களிலிருந்து வழவழப்பான அட்டையில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து துளி. விட்டத்தை அளந்து வரைபடம் போட்டால், உயரம் கூடக் கூட விட்டம் பெருகும் அளவு குறைந்துகொண்டே வருவது தெரியும். அதே துளியைச் சொரசொரப்பான தாளில் விட்டால் ஓரம் முள் முள்ளாகப் பிரியும். எந்தப் பரப்பில் விழுந்தது என்று தெரியாமல் விட்டத்தை மட்டும் வைத்து உயரம் சொல்ல முடியாது என்பதை மாணவர் இங்கேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது கோணம். சாய்ந்த பரப்பில் விழும் துளி நீள்வட்டமாகும். அகலத்தை நீளத்தால் வகுத்தால் கிடைப்பது மோதல் கோணத்தின் சைன் மதிப்பு. அகலம் 8 மி.மீ., நீளம் 16 மி.மீ. என்றால் 0.5, கோணம் 30 பாகை. இங்கே இரண்டு தவறுகள் நிச்சயம் நடக்கும். ஒன்று, நீளத்தில் வாலையும் சேர்த்து அளப்பது. நீள்வட்டம் மூடும் இடத்தோடு நிறுத்த வேண்டும், வால் கணக்கில் வராது. இரண்டு, பலகையின் சாய்வையே மோதல் கோணம் என்று எடுத்துக்கொள்வது. தரையிலிருந்து 30 பாகை சாய்த்த பலகையில் நேராக விழும் துளியின் மோதல் கோணம் 60 பாகை. பரப்புக்கும் துளியின் பாதைக்கும் இடைப்பட்ட கோணம்தான் நமக்கு வேண்டியது.

பிழையைக் கணக்கிட வைப்பதுதான் இந்தப் பயிற்சியின் சாரம். மேலே சொன்ன 30 பாகைக் கறையில் நீளத்தை அரை மி.மீ. கூட்டி 16.5 என்று அளந்தாலும் விடை 29 பாகை, பெரிய சேதமில்லை. ஆனால் அகலம் 14.5, நீளம் 15 உள்ள கறையை எடுங்கள். கோணம் 75 பாகை. அதே அரை மி.மீ. கூடினால் 69 ஆகிவிடும், அரை மி.மீ. குறைந்தால் 90 ஆகிவிடும். ஏறக்குறைய வட்டமாக இருக்கும் கறையிலிருந்து துல்லியமான கோணம் சொல்பவரை ஏன் நம்பக் கூடாது என்று இதற்குப் பிறகு மாணவரே சொல்வார்.

நேரம் இருந்தால் வெளியிடத்தில் மூன்றாவது பயிற்சி. தரையில் பெரிய வெள்ளைத் தாள் விரித்து, 30 செ.மீ. உயரக் கட்டையில் திரவத்தில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து, தட்டையான அளவுகோலால் ஒருமுறை அடியுங்கள். கண்ணாடி எல்லாரும் அணிந்திருக்க வேண்டும். நீளமான எட்டுப் பத்துக் கறைகளைத் தேர்ந்து, நீள அச்சு வழியே கோடு போட்டால் அவை ஒரு சிறு பகுதியில் சந்திக்கும். அந்தப் பகுதிக்கும் கறைக்கும் உள்ள தூரத்தை மோதல் கோணத்தின் டான் மதிப்பால் பெருக்கினால் தொடங்கிய உயரம் வரும். வரும் விடை பெரும்பாலும் 30ஐவிட அதிகமாகவே இருக்கும். துளி வளைந்து விழுகிறது, நாம் நேர்க்கோட்டில் பின்னோக்கிப் போகிறோம். அளவைப் பிழை இல்லை என்றாலும் முறை தரும் விடை மேல்நோக்கியே விலகும்.

மை, காலணித் தடம்

ஒரு மையில் கலந்துள்ள நிறங்களைத் தாளில் ஏறவிட்டுப் பிரித்துப் பார்ப்பது தாள் குரோமட்டோகிராபி. அதற்கு 2 செ.மீ. அகலம், 12 செ.மீ. நீளமுள்ள வடிதாள் பட்டைகள் எடுங்கள். அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சிலால் கோடு. பேனாவால் போட்டால் கோடும் சேர்ந்து ஏறும். 2 மி.மீ. புள்ளி வைத்து, உலரவிட்டு, அதே இடத்தில் மூன்று முறை. குவளையில் கரைப்பான் 1 செ.மீ. ஆழம் மட்டும் இருக்க வேண்டும். புள்ளி மூழ்கினால் மை தாளில் ஏறாமல் திரவத்தில் கரைந்துவிடும், மாணவர் ‘இந்த மையில் நிறமே இல்லை’ என்று எழுதுவார். பட்டை சுவரில் ஒட்டக் கூடாது, குவளையை மூடி வைக்க வேண்டும். கரைப்பான் மேல்நுனிக்கு 1 செ.மீ. கீழே வந்ததும் எடுத்து, அது நிற்கும் கோட்டை உடனே பென்சிலால் குறிக்க வேண்டும். உலர்ந்த பிறகு அந்தக் கோடு தெரியாது, கோடு இல்லாமல், நிறம் ஏறிய தூரத்துக்கும் கரைப்பான் ஏறிய தூரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட முடியாது.

நீரில் கரையும் மைக்குத் தண்ணீர் போதும். பந்துமுனைப் பேனாவுக்கும் அழியாத மார்க்கருக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தேவை, அருகில் தீ இருக்கக் கூடாது. ஜெல் பேனாக்கள் பலவற்றின் மை நிறமித் துகளாக இருப்பதால் எதிலும் நகராது. சந்தேகப் பேனாக்களில் இரண்டு ஒரே தயாரிப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பிரிக்க இந்த முறையால் முடியாது, அதை மாணவர் சொல்ல வேண்டும்.

காலணித் தடத்துக்குத் தட்டில் 5 செ.மீ. ஆழம் ஈர மணல். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, கொள்ளளவில். தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டும். மெதுவாகக் கலக்கி, தடத்தின் மேல் நேரடியாக ஊற்றாமல் ஒரு கரண்டியின் மேல் விழவைத்து வழியவிடுங்கள். இல்லாவிட்டால் விழும் வேகமே தடத்தைக் கரைத்துவிடும். கனம் 2 செ.மீ.யாவது வேண்டும். அரை மணி நேரத்தில் எடுக்கலாம், ஆனால் ஒட்டிய மணலை ஒரு நாள் கழித்தே தட்ட வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் மணலோடு நுண் விவரமும் போய்விடும். பிளாஸ்டர் இறுகும்போது கடும் சூடு உண்டாகும், யாரும் கையை உள்ளே விட்டு அச்சு எடுக்க முயலக் கூடாது. மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஒரே மாதிரி, ஒரே அளவுக் காலணி இரண்டு ஜோடி கிடைத்தால் ஒன்றின் அடியில் சிறு வெட்டு போட்டு வையுங்கள். வடிவமைப்பும் அளவும் ஆயிரம் பேருக்குப் பொது, அந்த வெட்டு மட்டுமே தனிக்கூறு. பொதுக்கூறு ஒருவரை விலக்க உதவும். உறுதிப்படுத்தத் தனிக்கூறு வேண்டும். இந்த வேறுபாடு எல்லாத் தடயத்துக்கும் பொருந்தும்.

முடி, இழை, கண்ணாடி

இவற்றுக்குச் சேர்த்து இரண்டு வாரம் போதும். கண்ணாடித் துண்டில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லிசாகத் தடவி, முடியைப் படுக்கவைத்து, பாதி உலர்ந்ததும் உரித்தால் செதில் அச்சு கிடைக்கும். கனமாகத் தடவினால் முடி அமிழ்ந்துபோகும். முடியின் நடுத்தண்டான மெடுல்லா, மனித முடியில் மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, விலங்கு முடியில் பெரும்பாலும் பாதிக்கு மேல். மனித முடியா விலங்கு முடியா என்பதற்கு இது போதும், யாருடையது என்பதற்குப் போதாது. 2015இல் எஃப்.பி.ஐ. தன் பழைய வழக்குகளை மறுபார்வை செய்தபோது, முடி ஒப்பீட்டுச் சாட்சியம் உள்ள, அதுவரை ஆராயப்பட்ட விசாரணைப் பதிவுகளில் குறைந்தது 90 சதவீதத்தில் தவறான கூற்றுகள் இருந்ததாக அறிவித்தது.

கண்ணாடிக்கு உடைந்த சில்லுகள் வேண்டாம், கம்பிகளே போதும். போரோசிலிக்கேட் கம்பியைக் கிளிசரினில் விட்டால் மறைந்துவிடும், இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் 1.47 அளவில் இருப்பதால். சாதாரணக் கண்ணாடி 1.52 அருகில் இருப்பதால் தெரியும்.

டி.என்.ஏ.: பிரித்தெடுப்பதும் அடையாளம் காண்பதும் ஒன்றல்ல

பழத்தை மசித்து, சோப்புத் திரவமும் உப்பும் சேர்த்து வடிகட்டி, குளிர்ந்த ஆல்கஹாலை மேலே ஊற்றி வெள்ளை நாரை எடுப்பது அழகான செய்முறை. ஆனால் அந்த நார் யாரையும் அடையாளம் காட்டாது என்று சொல்லாமல் விட்டால் தவறான எண்ணம் ஊன்றிவிடும். 1984இல் பிரிட்டிஷ் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்த வழியும் அதன் பின் வந்த முறைகளும், டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறும் குறிப்பிட்ட இடங்களை ஒப்பிடுபவை.

அதைக் காகிதத்திலேயே கற்பிக்கலாம். மூன்று இடங்களுக்கு, அங்கே வரும் ஒவ்வொரு வடிவமும் மக்களிடையே எந்த விகிதத்தில் காணப்படுகிறது என்ற எண்களைக் கொடுங்கள். முதல் இடத்தில் 0.2, 0.1 உள்ள இரண்டு வெவ்வேறு வடிவங்கள்: 2 × 0.2 × 0.1 = 0.04. இரண்டாவதில் 0.25 உள்ள ஒரே வடிவம் இருமுறை: 0.0625. மூன்றாவதில் 0.3, 0.1: 0.06. மூன்றையும் பெருக்கினால் 0.00015, அதாவது ஏறக்குறைய 6,700 பேரில் ஒருவர். இப்போது கேளுங்கள்: 1 லட்சம் பேர் உள்ள ஊரில் இந்த அமைப்பு எத்தனை பேருக்கு இருக்கும்? 15 பேர். ‘6,700இல் ஒருவர்’ என்பதைக் கேட்டதும் ‘இவர் குற்றமற்றவராக இருக்க 6,700இல் ஒரு வாய்ப்புதான்’ என்று தாவுவது நீதிமன்றங்களிலேயே நடந்திருக்கிற பிழை. அமெரிக்காவின் டி.என்.ஏ. தரவுத்தளம் 13 இடங்களிலிருந்து 2017இல் 20 இடங்களுக்கு மாறியதன் பொருளும் இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

இறுதி வழக்கு, அறிக்கை, சாட்சியம்

கடைசி மூன்று வாரத்தை ஒரே வழக்குக்கு ஒதுக்குங்கள். நான்கு சந்தேக நபர்கள், ஐந்து வகைத் தடயம். ஒரு தடயமாவது எந்தச் சந்தேக நபரோடும் பொருந்தாததாக இருக்க வேண்டும். எல்லாத் தடயமும் ஒரே ஆளைக் காட்டும்படி அமைத்தால் மூன்றாவது சோதனைக்கு மேல் யாரும் அளக்க மாட்டார்கள், ஊகித்துவிடுவார்கள். ஆய்வு செய்யும் குழுவுக்கு மற்றத் தடயங்களின் முடிவு தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை ஐந்து பத்திகள்: எது வந்தது, என்ன செய்தோம், என்ன பார்த்தோம், அதன் பொருள் என்ன, எதைச் சொல்ல முடியாது. பார்த்ததையும் பொருளையும் ஒரே பத்தியில் கலப்பவர்களிடம் திருப்பிக் கொடுத்து எழுதவையுங்கள். ‘நூறு சதவீதம்’, ‘வேறு யாருக்கும் இருக்க முடியாது’ ஆகிய சொற்கள் அறிக்கையில் வரக் கூடாது.

சாட்சியத்துக்கு ஆளுக்குப் பத்து நிமிடம், அதில் பாதி குறுக்கு விசாரணை. கேள்வி கேட்பது வேறு குழு. கைமாற்றப் பதிவில் ஓட்டை உண்டா, அளவைப் பிழை எவ்வளவு, பலகையில் இருக்கும் வகுப்பின் பிழை விகிதம் என்ன என்ற மூன்றும் கட்டாயக் கேள்விகள்.

மதிப்பெண்: பதிவேட்டுக்கு 40, அறிக்கைக்கு 25, குருட்டுத் தேர்வுக்கு 20, சாட்சியத்துக்கு 15. குருட்டுத் தேர்வில் சரியான விடைக்கு 2, முடிவு சொல்ல முடிந்த ஜோடிக்கு ‘இயலவில்லை’ என்று எழுதினால் 0, பொருந்துவதைப் பொருந்தவில்லை என்றால் 2 குறையும், பொருந்தாததைப் பொருந்துகிறது என்றால் 4 குறையும். உண்மையிலேயே முடிவு சொல்ல முடியாத ஜோடிகளுக்கு ‘இயலவில்லை’ என்பதே 2 மதிப்பெண் விடை, வேறு எதை எழுதினாலும் 2 குறையும். இந்தக் கணக்கை மாணவர்களுக்குத் தேர்வுக்கு முந்தைய வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.